பவுன் காசுக்கு எத்தனை மார்க்?

இன்றைக்குப் பவுன் என்ன விலை என்று நம் ஊரில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பவுன் என்றால் எவ்வளவு? எட்டு கிராம். அது ஏன் எட்டு? வடக்கே எல்லாம் பத்து கிராமுக்குத்தானே விலை சொல்கிறார்கள், நமக்கு மட்டும் என்ன எட்டு? வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் முழித்தார்கள்.

பதில் ஒரு காசு. 'பவுண்டு' என்பதுதான் நம் வாயில் பவுன். 'சாவரின்' என்பதுதான் சவரன். பிரிட்டன் 1817 முதல் அடித்த ஒரு பவுண்டு தங்கக் காசுக்குப் பெயர் சாவரின். எடை 7.988 கிராம், 22 காரட். 1899-ல் இந்தியாவிலும் அதைச் செல்லும் காசாக்கினார்கள், ஒன்றுக்கு 15 ரூபாய் என்று. வந்த காசில் பலவும் கடைத்தெருவுக்குப் போகாமல் பெட்டிக்குள்ளும் காசுமாலைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டன. கிராம் கணக்கு வந்தபோது 7.988-ஐ முழுசாக எட்டு என்று ஆக்கிக்கொண்டோம். அவ்வளவுதான் கதை.

ஆக, தினமும் பேப்பரில் வருகிற பவுன் விலை என்பது கிட்டத்தட்ட அந்தப் பழைய காசின் உலோக விலைதான். 12 மில்லிகிராம்தான் வித்தியாசம். லண்டனில் இருப்பவன்கூட இதற்குக் கால்குலேட்டர் தட்ட வேண்டும். நமக்கு டீக்கடையிலேயே தெரிந்துவிடும் :-)

அந்த வசதிதான் நமக்கு வினை என்பது என் கட்சி. உலோக விலை இவ்வளவு சுலபமாகத் தெரிந்துவிடுவதால் அதற்கு மேல் அந்தக் காசில் பார்க்க ஏதாவது இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை.

எங்கள் வீட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பத்தாவின் காசுமாலை எப்போதோ அழிந்து போய், மிச்சம் ஆறு காசு. பெரியப்பா, அப்பா, அத்தை மூவருக்கும் ஆளுக்கு இரண்டு. அத்தை மகளுக்குக் கல்யாணம் வருகிறது, அதனால் மொத்தமாகக் கடையில் போட்டு ஒரு ஆரம் எடுத்துவிடலாம், பணத்தை அப்புறம் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை. "எல்லாம் ஒண்ணுதாண்டா, எட்டு கிராமுக்கு எட்டு கிராம். இதுல பார்க்கிறதுக்கு என்ன கிடக்கு?" இது அத்தை.

நிறையக் கிடக்கு அத்தை.

முதலில் எடை. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 1911-ம் 1918-ம் 7.98. 1913 காசு 7.97. 1907 காசு 7.95. விக்டோரியா ராணி முக்காடு போட்ட 1899 காசு 7.93. இன்னொரு விக்டோரியா, 1880, இளவயது முகம் போட்டது, 8.34!

எட்டு கிராமுக்கு எட்டு கிராம் என்ற கணக்கு அங்கேயே அடிவாங்கிவிட்டது. 8.34-ஐப் பார்த்ததும் அதுதான் உசத்தி என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் ஆறில் மோசமானது அதுதான். மாலையில் கோர்க்க மேலே வளையம் வைத்து, பொடி போட்டுப் பற்றவைத்திருக்கிறார்கள். கூடுதல் எடை வளையமும் பொடியும். கடையில் உருக்கினால் பொடிக்குக் கழிவு எடுப்பார்கள். நாணயம் சேர்ப்பவரிடம் போனால் இன்னும் மோசம். வளையத்தை வெட்டி எடுத்தாலும் விளிம்பில் வடு இருக்கும், அந்தக் காசுக்கு உலோக விலைக்கு மேல் ஒரு பைசா தரமாட்டார். தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கிற பழைய பவுன் காசுகளுக்கு இதுதான் பெரிய வியாதி. தேய்மானம் எல்லாம் அப்புறம்.

1899 காசின் 7.93-லும் ஒரு சங்கதி உண்டு. பிரிட்டிஷ் சட்டப்படி ஒரு சாவரின் தேய்ந்து தேய்ந்து 122.5 கிரெயினுக்கு, அதாவது 7.937 கிராமுக்குக் கீழே போய்விட்டால் அது செல்லாது. நம் வீட்டுத் தராசில் மில்லிகிராம் தெரியாது என்றாலும், இது அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. அதாவது இந்தக் காசு பெட்டிக்குள் நேராக வந்தது அல்ல. நிறையக் கை மாறி, நிறையச் சட்டைப்பையில் கிடந்து வந்திருக்கிறது. எடையே ஒருவகையில் தரச் சான்றிதழ்.

சரி, தரம். இங்கேதான் மார்க் போடுகிற வேலை வருகிறது.

பிரிட்டிஷ் பழக்கத்தில் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட் என்று படிகள் (கீழே இன்னும் உண்டு, சொன்னால் அழுதுவிடுவீர்கள்). இதில் 'ஃபைன்' என்ற வார்த்தையை நம்பி ஏமாறாதீர்கள். நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, நன்றாகத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்கப் பழக்கத்தில் 1 முதல் 70 வரை எண். 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் கொண்டுவந்தது. அமெரிக்காவின் பழைய செம்பு செண்டுகளுக்காக அவர் போட்ட கணக்கு அது. 70 மார்க் வாங்கிய காசு 1 மார்க் வாங்கியதைவிட 70 மடங்கு விலை போகவேண்டும் என்பது அவர் யோசனை. விலைக் கணக்கு நிற்கவில்லை, மார்க் மட்டும் நின்றுவிட்டது. 1986-லும் 1987-லும் அங்கே தொடங்கிய இரண்டு பெரிய தரமிடும் நிறுவனங்கள் (பிசிஜிஎஸ், என்ஜிசி) அதையே எடுத்துக்கொண்டு, காசைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, மேலே மார்க் ஒட்டி விற்கும் உலகத்தை உண்டாக்கின. இதில் தமாஷ் என்னவென்றால், அந்த ஷெல்டன் மீதே ஒரு குற்றச்சாட்டு. அமெரிக்க நாணயவியல் கழகத்தில் இருந்த நல்ல செண்டுகளை எடுத்துக்கொண்டு, மார்க் குறைந்த தன் செண்டுகளை அங்கே வைத்துவிட்டார் என்று அவர் இறந்தபிறகு வெளியே வந்தது. மார்க்கின் மதிப்பு அவரைவிட யாருக்குத் தெரியும்!

நீங்களே பார்க்க வேண்டும் என்றால் முறை இதுதான். ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. கீழே ஒரு துண்டை விரியுங்கள், கை நழுவினால் தரையில் விழக்கூடாது. ஒரே ஒரு விளக்கு, பக்கவாட்டில். காசை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். மேடாக இருக்கிற இடம்தான் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் காதுக்கு மேல் முடி, தாடி, மீசை. பின்பக்கம் டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜின் தலைக்கவசம், குதிரையின் மார்பு. (அந்தப் படம் பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர் செதுக்கியது. 1817-ல் போட்டது, இன்றைக்கும் அடிக்கிறார்கள்.) அங்கே கோடு கோடாக முடி தெரிந்தால் ஒரு மார்க், மழுங்கிப் போயிருந்தால் ஒரு மார்க்.

கேட்கச் சுலபமாக இருக்கிறதா? நானும் ஒரு நண்பனும் தனித்தனித் தாளில் ஆறு காசுக்கும் தரம் எழுதினோம். ஒத்துப்போனது இரண்டு காசு. நம் பல்கலைக்கழகத்தில் ரீவேல்யுவேஷன் போட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தரம் என்பது அளவு இல்லை, அபிப்பிராயம். அதிலும் சொந்தக் காசுக்குச் சொந்தக்காரன் போடும் அபிப்பிராயம் எப்போதும் ஒரு படி மேலேதான் இருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு கதைதான்.

அதனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கிற பவுன் காசுகளுக்கு 45-ஆ 50-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண். 1911, 1913 மாதிரி லட்சம் லட்சமாக அடித்த வருடங்களில், கொஞ்சம் தேய்ந்த காசுக்கும் நல்ல காசுக்கும் விலை வித்தியாசம் குறைவு. தங்கம் ஏற ஏற, உலோக விலைதான் மொத்தத்தையும் விழுங்குகிறது. பார்க்க வேண்டிய கேள்விகள் வேறு. பற்றவைத்திருக்கிறதா? பாலிஷ் போட்டிருக்கிறதா? எந்த வருடம், எந்த எழுத்து?

பாலிஷ் விஷயம் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் 1907 காசு எட்வர்டு ராஜா முகத்தோடு மற்ற ஐந்தையும்விடப் பளபளவென்று இருக்கும். காரணம், பல வருடத்துக்கு முன்பு ஒரு நகைக்கடையில் காது தோடு வாங்கப் போனபோது, கூடவே கொண்டுபோன காசை "சும்மா ஒரு பாலிஷ் போட்டுத் தர்றோம்மா" என்று வாங்கிப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இலவச சேவையாம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ராஜாவின் கன்னம் முழுக்க ஒரே திசையில் மயிரிழைக் கீறல். விளக்கில் சாய்த்தால் ஒளி சுழலாது, அப்படியே மொத்தமாக அடிக்கும். நூறு வருடம் யார் யார் கையிலோ இருந்து படிந்த நிறம் போய்விட்டது. அது திரும்பி வராது. சோப்புத் தண்ணீர், புளி, பல்பொடி, எதுவும் வேண்டாம். அழுக்காக இருந்தால் இருக்கட்டும். அழுக்கு குறையில்லை, தேய்ப்பதுதான் குறை.

அடுத்து எழுத்து. சாவரின் லண்டனில் மட்டும் அடிக்கவில்லை. சிட்னிக்கு 'எஸ்', மெல்போர்னுக்கு 'எம்', பெர்த்துக்கு 'பி', கனடாவின் ஒட்டாவாவுக்கு 'சி', தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கு 'எஸ்.ஏ.' என்று ஆங்கில எழுத்து இருக்கும். எழுத்தே இல்லையென்றால் லண்டன். ராஜா காசுகளில் குதிரைக் காலுக்குக் கீழே, வருடத்துக்கு மேலே உள்ள தரைக்கோட்டில் தேடுங்கள். கடுகைவிடச் சின்னதாக இருக்கும். விக்டோரியா காலத்துக் காசில் இடம் மாறும். கேடயம் போட்ட காசில் இலைவளையத்துக்குக் கீழே, இளவயது முகமும் குதிரையும் உள்ளதில் கழுத்துக்குக் கீழே.

அந்தச் சின்ன எழுத்து என்ன செய்யும் என்பதற்கு 1917 உதாரணம். அந்த வருடம் சிட்னி, மெல்போர்ன், பெர்த் காசுகள் சாதாரணம். எழுத்தில்லாத லண்டன் காசு அபூர்வம். அடித்தது பத்து லட்சத்துக்கு மேல். ஆனால் பெரும்பகுதி போர்ச்செலவுக்காக அமெரிக்கா போய் உருகிவிட்டது என்பார்கள். ஆகவே ஒரே வருடம், ஒரே ராஜா, ஒரே எடை, விலை மட்டும் பல மடங்கு. (சுரண்டி எழுத்தை எடுத்துவிட்டால் லண்டன் காசாகிவிடுமே என்று உங்களுக்குத் தோன்றுகிறது அல்லவா? மற்றவர்களுக்கும் தோன்றும். எழுத்தில்லாத 1917 கிடைத்தால் சந்தோஷப்படும் முன் சந்தேகப்படுங்கள்.)

எங்கள் 1918 காசில் 'ஐ' இருக்கிறது. ஐ என்றால் இந்தியா. முதல் உலகப்போரில் லண்டனில் இருந்து கப்பலில் கொண்டுவருவது சிரமமாகிவிட, பம்பாய் நாணயசாலையிலேயே ராயல் மின்ட்டின் கிளை ஒன்றை வைத்து அடித்தார்கள். 1918 என்ற ஒரே வருடம், கிட்டத்தட்ட 13 லட்சம் காசு. அதே வருடம் அங்கேயே '15 ரூபாய்' என்று எழுதிய தங்கக் காசும் அடித்தார்கள். அதற்கும் சாவரினின் அதே எடை, அதே மாற்று. பம்பாய்க் காசு அபூர்வம் என்று நான் கதை விடமாட்டேன். பரவலாகக் கிடைக்கிறது, விலையும் மற்றதைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் இந்த மண்ணில் அடித்த சாவரின் இது ஒன்றுதான் (மறுபடி 'ஐ' போட்டு அடித்தது 2013-ல், ஹரியானாவில்). அதை ஆரத்துக்காக உருக்கும்போது அது எது என்றாவது தெரிந்து உருக்கலாம் இல்லையா?

போலி பற்றியும் சொல்லவேண்டும். பித்தளைக்கு முலாம் போட்டதைக் கண்டுபிடிக்க உரைகல்கூட வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 22 காரட் சாவரின் என்றால் தராசு சுமார் 0.45 அல்லது 0.46 காட்டும். பித்தளையில் அதே எடைக்கு 0.9-க்கு மேல் போய்விடும். எட்டாம் வகுப்பு ஆர்க்கிமிடீஸ்தான். கஷ்டம் என்னவென்றால் சாவரின் போலிகளில் பல சரியான தங்கத்திலேயே செய்தவை! 1950-களில் இத்தாலியிலும் லெபனானிலும் இதை ஒரு தொழிலாகவே நடத்தினார்கள். உலோக விலையைவிடக் காசு விலை அதிகமாக இருந்தது, அந்த இடைவெளிதான் லாபம். அந்தத் தொல்லையும் சேர்ந்துதான் 1957-ல் லண்டனில் மறுபடி சாவரின் அடிக்க ஆரம்பித்தார்கள். இந்த வகைப் போலி தண்ணீர்ப் பரீட்சையில் பாஸாகிவிடும். எழுத்துக்கள் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கலாக இருப்பது, தளத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள், ஓரக்கோடுகள் ஒழுங்கில்லாமல் இருப்பது, இவற்றைத்தான் பார்க்கவேண்டும். உருக்க விற்றால் இதனால் நஷ்டமில்லை. அபூர்வக் காசு என்று அதிக விலை கொடுத்து வாங்கியவனுக்குத்தான் நாமம்.

எதிர்ப்பக்க ஆசாமிகளும் இருக்கிறார்கள். உங்கள் பழைய காசுக்கு இத்தனை லட்சம், உடனே போன் செய்யுங்கள் என்று வாட்ஸப்பில் வருமே, அது. பதிவுக் கட்டணம், வரி என்று நம்மிடம் பணம் பிடுங்குகிற வேலை. ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை விட்டது. வெறும் எடைதான் என்கிற அத்தையும், லட்சக்கணக்கில் போகும் என்கிற வாட்ஸப்பும் காசை எடுத்துப் பார்க்காமலேயே விலை சொல்கிறவர்கள். அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே ஜாதி.

ஒரு இடைச்செருகல். இதுவரை சொன்னது மெஷினில் அடித்த காசுக்கு. வராகனும் பணமும் (தங்கப் பணம் அரை கிராம்கூட இருக்காது, ஊதினால் பறந்துவிடும்) கையால் அடித்தவை. படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பது பிறவியிலேயே வந்தது, அதைத் தேய்மானம் என்று எழுதக்கூடாது. அதைவிட விசித்திரம், 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகள். பெரும்பாலானவற்றில் ராஜா முகத்தின் மேல் வேண்டுமென்றே போட்ட உளி வெட்டு. மார்க் போடுகிறவன் 'சேதம்' என்று எழுதித் தள்ளிவிடுவான். ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் அந்த வெட்டைத்தான் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம் வளையத்துக்கு அந்தப் பெருமை வர இன்னும் ஆயிரம் வருடம் ஆகலாம் :-)

எதையுமே விற்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்யாணச் செலவு கல்யாணச் செலவுதான், பெட்டிக்குள் இருக்கும் காசு பந்தி போடாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆறு பவுனைக் கொடுத்து ஆறு பவுனில் ஆரம் எடுத்தால், சேதாரம் 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்கூட முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேயே காலி. அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. பழைய தங்கத்துக்குக் கழிவு வேறு. நாளைக்கு அந்த ஆரத்தை விற்கப் போனால் சேதாரம் திரும்பி வராது. காசுக்குச் செய்கூலியும் கிடையாது, சேதாரமும் கிடையாது. அதைக் காசாகவே வைத்திருந்தவர் நஷ்டப்படவில்லை.

நான் வீட்டில் சொன்னது இது. வளையம் வைத்த 1880 முதலில் போகட்டும். அடுத்து பாலிஷ் போட்ட 1907. இந்த இரண்டும் எங்கே போனாலும் உலோக விலைதான், அதனால் உருக்கினால் இழப்பில்லை. வேண்டுமானால் தேய்ந்த 1899-ம். மற்ற மூன்றையும் காசாகவே வைத்துக்கொண்டு, பங்கை எடையிலும் பணத்திலும் சரிக்கட்டலாம். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சின்ன உறையில் போட்டு, மேலே வருடம், எழுத்து, எடை, குறை என்று நாலு வரி எழுதிவிட்டேன். பிவிசி கவர் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுக்கும். பங்குக்கு உட்கார்வதற்கு முன் இந்த நாலு வரியை எழுத அரைமணி நேரம்தான் ஆனது.

தரச் சான்றிதழ் வாங்க வெளிநாட்டுக்கு அனுப்பலாமே என்று ஒரு நண்பன் கேட்டான். கூடாது. 1972-ல் வந்த தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசும் தொல்பொருள்தான். தனியாள் அதை நாட்டை விட்டு அனுப்புவது குற்றம். ஊருக்கு வந்துபோகிற துபாய் மாமாவின் பெட்டியில் போட்டு அனுப்புவதும் இதில் அடக்கம்.

கொசுறு: ராயல் மின்ட் 1949, 1951, 1952 வருடங்களில் அடித்த சாவரின்களில் போட்ட வருடம் 1925! பழைய அச்சையே எடுத்து அடித்துவிட்டார்கள். ஆகவே லண்டன் 1925 காசு ஒன்று உங்கள் கையில் இருந்தால், காசு சொல்கிற வயது நூறு தாண்டிவிட்டது, அதன் உண்மையான வயது எண்பதுகூட ஆகாமல் இருக்கலாம். அது தொல்பொருளா இல்லையா? சட்டம் படிக்கிற நண்பர்கள் யாராவது சொல்லுங்களேன்.